வெட்டி வேலை

‘அட்வான்ஸ்ட் சர்வர்ல இடம் கிடைச்சிருச்சு’ என்று ஸ்டோரி போடுகிற தம்பிகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மொபைல் லெஜெண்ட்ஸ் விளையாட்டில் புதிய ஹீரோக்களையும் மாற்றங்களையும் எல்லாருக்கும் வெளியிடுவதற்கு முன்பு ஆடிப் பார்க்க வைத்திருக்கிற தனி சர்வர் அது. கதவு எப்போதும் திறந்திருக்காது. அவ்வப்போது கொஞ்சம் பேரைச் சேர்ப்பார்கள். அதனால் உள்ளே போனவனுக்கு எஸ்பிஎம்மில் ஒன்பது ஏ வாங்கின பெருமை. கீழே நெருப்பு எமோஜிகளும் ‘போஸ் கூ’க்களும் குவியும்.

நான் வாழ்த்தியதில்லை. அவனுக்குக் கிடைத்திருப்பது ஒரு வேலை. சம்பளம் கிடையாது, அதுகூடப் பரவாயில்லை. செய்த வேலைக்கு ஒரு பதில்கூடக் கிடையாது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

விளையாடாதவர்களுக்காக இரண்டு வரி. இணைய விளையாட்டுகள் புத்தகம் மாதிரி அச்சடித்து முடிந்துவிடுவதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை ‘பேட்ச்’ என்று ஒன்று வரும். புது வரைபடம், புது ஆயுதம், பழைய வீரனின் பலம் கூட்டல் குறைத்தல். இதை நேராக லட்சக்கணக்கான பேர் ஆடும் சர்வரில் இறக்கினால் எங்கே வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு நகல் சர்வரைத் திறந்து, ‘வாங்க, ஆடிப் பாருங்க, தப்பு இருந்தா சொல்லுங்க’ என்று விளையாட்டாளர்களையே கூப்பிடுவார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் அதற்குப் பெயர் பிடிஆர். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் பிபிஇ. ஈவ் ஆன்லைனில் சிங்குலாரிட்டி. பெயர்தான் வேறு, ஏற்பாடு ஒன்றே.

இலக்கிய இதழில் இது எதற்கு என்று கேட்பீர்கள். சிறுகதைப் போட்டிக்குக் கதை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஒரு வருடம் காத்திருந்தவர்கள்தானே நாமெல்லாம்? அந்த மௌனம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சோதனை சர்வரில் ஆடுவதை ‘ஆடுவது’ என்று சொல்வதே தப்பு. என் கூட்டாளி ஒருவன் மூன்று வாரம் ஒரு விளையாட்டின் சோதனைச் சுற்றில் கிடந்தான். அந்த விளையாட்டின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு கதவு. அதன் அருகே குறிப்பிட்ட கோணத்தில் நின்று குதித்தால் ஆள் சுவருக்குள் போய்விடுகிறான். இதை ஒருமுறை பார்த்தால் போதாது. மறுபடி வருகிறதா, எந்தப் பாத்திரத்துக்கு வருகிறது, எந்த ஆயுதம் கையில் இருந்தால் வருகிறது, இணையம் மெதுவாக இருக்கும்போது மட்டும் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவன் அந்தக் கதவருகே நூற்றுக்கணக்கான தடவை குதித்திருப்பான். பிறகு அதைக் காணொளியாகப் பதிவு செய்து, நேரம் குறித்து, அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் படிப்படியாக எழுதி அனுப்பினான். ‘தங்கள் புகார் கிடைத்தது’ என்று ஒரு தானியங்கிக் கடிதம் வந்தது. அவ்வளவுதான். பேட்ச் வெளியானது. கதவு அப்படியே இருந்தது. முதல் வார இறுதியிலேயே ஆட்கள் சுவருக்குள் நின்றுகொண்டு வெளியே இருப்பவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். இரண்டு நாள் கழித்து, ‘விளையாட்டாளர்கள் தெரிவித்த பிழை சரிசெய்யப்பட்டது’ என்று ஒரு வரி அறிவிப்பு. எந்த விளையாட்டாளர்கள், எப்போது தெரிவித்தார்கள்?

இதில் நம் ஊர்க்காரனுக்குத் தனிக் கஷ்டம் உண்டு. பெரிய மேற்கத்திய விளையாட்டுகளின் சோதனை சர்வர்கள் பெரும்பாலும் நமக்கு வெகு தூரத்தில் இருப்பவை. கோலாலம்பூரிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்கு ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர மட்டும் 140 மில்லிவிநாடி; கடலடிக் கேபிளின் வளைவுகளையும் இடையில் உள்ள நிலையங்களையும் சேர்த்தால் 200ஐத் தாண்டும். யூனிஃபைக்காரனைத் திட்டிப் பயனில்லை, இது இயற்பியல். நேரம் அதைவிட மோசம். அங்கே கோடையில் பிற்பகல் 1 மணிக்கு ஒரு பெரிய முதலாளி அரக்கனை இரண்டு மணி நேரம் சோதனைக்குத் திறக்கிறோம் என்று அறிவிப்பார்கள். இங்கே அது மறுநாள் விடியற்காலை 4 மணி. அலாரம் வைத்து எழுந்து, மைலோ கலக்கிக் குடித்துவிட்டு, ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு வேலையைச் செய்துவிட்டு, 8 மணிக்குத் தன் சொந்தக் கம்பெனி வேலைக்குக் கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

இதைப் பார்த்து வீட்டில் அம்மாக்கள் ‘வெட்டி வேலை’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். இன்றைக்கு நாம் ‘வெட்டி’ என்றால் பயனற்றது என்று நினைக்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது வரிகளின் பெயர்களோடு சேர்ந்து வரும் ஒரு சொல். கூலி இல்லாமல் கொடுத்தாக வேண்டிய உழைப்பு அது. ஏரிக்கரையை வெட்டுகிறவன் செய்த வேலை பயனற்றதா? ஊரே அதில்தான் சோறு தின்றது. கூலி மட்டும்தான் இல்லை. கூலி இல்லாத உழைப்பு எப்போது பயனில்லாத உழைப்பு என்று பொருள் மாறியது என்பதை மொழியியல் படித்தவர்கள் சொல்லட்டும். என் கூட்டாளி கதவருகே குதித்ததைப் பார்த்து அவன் அம்மா சொன்ன சொல், அவருக்கே தெரியாத பழைய பொருளில், மிகச் சரி.

‘யாரும் கட்டாயப்படுத்தலையே, பிடிச்சுதானே செய்றாங்க?’ இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். உண்மைதான். சோழனின் அதிகாரி யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. பிடித்துச் செய்கிற வேலைக்கு மரியாதை தேவையில்லை என்று யார் சொன்னது? தமிழ்ப்பள்ளியில் கோத்தோங் ரோயோங் நடந்தால் பெற்றோர்கள் பிடித்துத்தான் வந்து சுவருக்குச் சாயம் அடிக்கிறார்கள். மதியம் ஒரு மீஹூன் பொட்டலமும் சிராப் தண்ணீரும் கொடுத்து, தலைமையாசிரியர் மைக் பிடித்து நன்றி சொல்வார். அந்தச் சுவரைச் சாயம் காய்வதற்குள் இடித்துவிட்டு, ஏன் இடித்தோம் என்றும் சொல்லாமல் இருந்தால் அடுத்த வருடம் யார் வருவார்கள்? விளையாட்டாளர்கள் மட்டும் வருவார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததும் இல்லை. 1997இல் அல்டிமா ஆன்லைன் வெளிவருவதற்கு முன் அதன் சோதனைக் கட்டத்தில் ஆட விளையாட்டாளர்கள் காசு கொடுத்து வட்டு வாங்கினார்கள். கவனியுங்கள், சோதிக்கக் காசு கொடுத்தார்கள். அந்தச் சோதனையின் கடைசிக் கட்டத்தில், ஆகஸ்ட் மாதம், அந்த உலகத்தைப் படைத்த ரிச்சர்ட் கேரியட் ராஜா வேடத்தில் பவனி வரும்போது ஒரு விளையாட்டாளர் நெருப்பு மந்திரம் வீசி அவரைக் கொன்றுவிட்டார். சாகாவரத்தைப் போட்டுக்கொள்ள அவர் மறந்திருந்தார். இணைய விளையாட்டு வரலாற்றில் எல்லாரும் சிரித்துச் சொல்லும் கதை. கொன்றவர் பிறகு நீக்கப்பட்டார். ராஜாவைக் கொன்றதற்காக அல்ல, முன்பே பிழைகளைக் கண்டு அவற்றைத் தெரிவிக்காமல் பயன்படுத்திக்கொண்டார் என்பதற்காக என்று நிறுவனம் சொன்னது. அதாவது, பிழையைத் தெரிவிப்பது 1997லேயே கடமையாகிவிட்டது. தெரிவித்தவனுக்கு நிறுவனம் என்ன கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்வி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

வேறொரு துறையில் அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் அரட்டை அறைகளைக் கவனித்துக்கொண்ட தன்னார்வலர்கள் 1999இல் வழக்குப் போட்டார்கள். நேரக்கணக்கு, பயிற்சி, அறிக்கை என்று எல்லாம் வைத்து வேலைக்காரர்களைப் போல நடத்திவிட்டுச் சம்பளம் மட்டும் தரவில்லை என்பது வாதம். 2010இல் 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. சோதனை சர்வரில் நேரக்கணக்கு இல்லை, மேலாளர் இல்லை. சட்டப்படி அந்த வாதம் இங்கே நிற்காது என்றே நினைக்கிறேன். அந்த வழக்கிலிருந்து நிறுவனங்கள் கற்றுக்கொண்ட பாடமும் அதுதான் போல. வேலை வாங்கு, ஆனால் வேலைக்காரன் மாதிரி எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்.

சரி, சம்பளப் பேச்சை விடுவோம். சோதனை சர்வரில் ஆடுகிறவர் உண்மையில் எதைக் கொடுக்கிறார் என்று பார்ப்போம். இதைப் பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஈவ் ஆன்லைனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்து நிறுவனத்தின் விண்வெளி விளையாட்டு. முக்கிய சர்வரில் ஒரு கப்பல் போனால் போனதுதான். மாதக்கணக்கில் சேர்த்த பணம் ஒரு நொடியில் தூள். அதனால் அங்கே ஒவ்வொருவரும் பயந்து, கணக்குப் போட்டு, துரோகம் செய்து, கூட்டணி வைத்து ஆடுவார்கள். அதே விளையாட்டின் சோதனை சர்வரான சிங்குலாரிட்டியில் சந்தையில் பொருள்களை ஒவ்வொன்றும் 100 இஸ்க் என்று நிரப்பி வைத்திருப்பார்கள். இஸ்க் என்பது அந்த உலகத்துக் காசு. 100 இஸ்க் என்றால் ஒன்றுமே இல்லை. கப்பல் வெடித்தால் இன்னொன்று. பயம் இல்லை, பேராசை இல்லை, பழிவாங்கல் இல்லை. மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்பதை அங்கே சோதிக்கவே முடியாது. 2005 செப்டம்பரில் வார்கிராஃப்ட்டில் நடந்த ‘கரப்டட் பிளட்’ தொற்றை நினைத்துப் பாருங்கள். ஒரு குகைக்குள் மட்டும் இருக்க வேண்டிய நோய், விளையாட்டாளர்களின் வளர்ப்பு மிருகங்கள் வழியாக நகரங்களுக்குள் வந்து கூட்டம் கூட்டமாகக் கொன்றது. சிலர் ஓடினார்கள், சிலர் வைத்தியம் பார்த்தார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். தொற்றுநோய் ஆய்வாளர்கள் அதை வைத்துக் கட்டுரை எழுதினார்கள். அப்படிப்பட்ட நகரம், வசிப்பவர்கள் இருந்தால்தான் நகரம். சோதனை சர்வரில் வசிப்பவர் யாரும் இல்லை, எல்லாரும் வந்துபோகிறவர்கள்.

பிறகு அங்கே போகிறவரால் என்ன தர முடியும்? கம்பெனியின் சொந்தச் சோதனையாளரிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது. அந்த விளையாட்டை அவர் பத்து வருடம் ஆடியிருக்கிறார். ‘இந்த மாற்றம் வந்தால் என் குழுவில் அந்த அக்கா ஆடுவதை நிறுத்திவிடுவார்’ என்று அவருக்குத் தெரியும். சுவருக்குள் விழுகிற பிழையைக் கணினியே தேடிக் கண்டுபிடிக்கும்படிச் செய்ய இன்று வழி இருக்கிறது. இந்தத் தீர்ப்பை எந்தக் கணினியும் தராது. ஆனால் நிறுவனங்கள் எதை வாங்கிக்கொள்கின்றன தெரியுமா? பிழைகளை மட்டும். தீர்ப்புக்கு ‘ஃபீட்பேக்’ என்று ஒரு தனிப்பெட்டி. அதன் அடியில் ஓட்டை.

இதற்கு ஷேடோலேண்ட்ஸை விட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. வார்கிராஃப்ட்டின் 2020ஆம் ஆண்டு விரிவாக்கம் அது. அதில் ‘கவனன்ட்’ என்று நான்கு கூட்டங்கள். கிரியன், வென்தீர், நைட் ஃபே, நெக்ரோலார்ட். ஒவ்வொருவரும் ஒன்றில் சேர வேண்டும். சேர்ந்த கூட்டத்தின் கதை, உடை, வாகனத்தோடு போரில் பயன்படும் சக்திகளும் கிடைக்கும். சிக்கல் அந்தக் கடைசிப் பகுதியில்தான். ஒரு கூட்டத்தின் சக்தி உங்கள் பாத்திரத்துக்கு மற்றதைவிடக் கூடுதல் சேதம் தருகிறது என்றால், நீங்கள் எந்தக் கதையை விரும்புகிறீர்கள் என்பதற்கு அர்த்தமே இல்லை. குழுத் தலைவர் கணக்குத்தாளைத் திறந்து, ‘நீ வென்தீர்ல சேரு’ என்பார். மனம் மாறி, விட்டுப்போன கூட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்றால் வாரக்கணக்கில் பிராயச்சித்தம் செய்ய வேண்டும்.

சோதனைக் கட்டத்தில் இருந்தவர்கள் இதை முதல் மாதங்களிலேயே சொன்னார்கள். ஒருவர் இருவர் இல்லை. உச்சத்தில் ஆடுகிறவர்களும் சொன்னார்கள், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆடுகிற குடும்பஸ்தர்களும் சொன்னார்கள். சக்தியைக் கதையிலிருந்து பிரித்துவிடுங்கள், அதற்கான வசதி ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது என்று மன்றாடினார்கள். தேர்வுக்கு ஓர் எடை இருக்க வேண்டும், முடிவுக்கு ஒரு விளைவு இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் நிலைப்பாடு. அது ஒன்றும் முட்டாள்தனமான வாதம் இல்லை; நானும் கதைகளில் அப்படிப்பட்ட தேர்வுகளை விரும்புகிறவன்தான். விளையாட்டின் இயக்குநர் அயன் ஹஸிகோஸ்டாஸ், தேவைப்பட்டால் பாராசூட் கயிற்றை இழுத்துவிடலாம் என்ற பொருளில் பேசப்போக, ‘கயிற்றை இழு’ என்பது விளையாட்டாளர்களின் கோஷமாகவே ஆகிவிட்டது. அக்டோபர் 27 என்று அறிவித்திருந்த வெளியீடு நவம்பர் 23க்குத் தள்ளிப்போனது. தள்ளிப்போட்டதைப் பாராட்டலாம். ஆனால் கயிறு இழுக்கப்படவில்லை.

2021 நவம்பரில், 9.1.5 என்ற பேட்சில், கூட்டங்களுக்கு இடையே தடையில்லாமல் மாறிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். சோதனையாளர்கள் கேட்டதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ குழுக்கள் கலைந்தன, எத்தனையோ பேர் வேறு விளையாட்டுக்குப் போனார்கள். வடிவமைப்பாளர்கள் தவறலாம். எல்லாரும் தவறுகிறோம். ஆனால், ‘நீங்கள் சொன்னது இது, நாங்கள் அதை ஏற்கவில்லை, காரணம் இது, இன்ன தேதியில் மறுபடி பார்ப்போம்’ என்று சோதித்தவர்களுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தால் அதற்குப் பெயர் உரையாடல். நேர்காணலில் ஒரு பழமொழி மாதிரிப் பேசிவிட்டுப் போவதற்குப் பெயர் வேறு.

விளையாட்டுக்கு வெளியே ஒரு உதாரணம் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 அப்டேட், சிலரின் கணினியில் ஆவணங்களையும் படங்களையும் அழித்தது. சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். ‘இன்சைடர்’ என்ற பெயரில் இலவசமாகச் சோதிக்கும் ஆட்கள் அதே பிழையை வெளியீட்டுக்கு முன்பே தெரிவித்திருந்தார்கள். ஆனால் அந்தப் புகாருக்குப் போதுமான லைக் விழவில்லை. கூட்டத்தில் அமுங்கிவிட்டது. அதன் பிறகுதான் புகார் படிவத்தில் பிழையின் தீவிரத்தைக் குறிப்பிட ஓர் இடம் சேர்த்தார்கள். ஒருவனின் கல்யாணப் படங்கள் அழிவதற்கும் ஒரு பொத்தானின் நிறம் சரியில்லை என்பதற்கும் அதுவரை ஒரே தராசு.

நான் பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன். சில்லு சோதிப்பது என் பிழைப்பு. சோதனை இயந்திரத்தில் தோற்கிற ஒவ்வொரு சில்லும் ஏன் தோற்றது என்பதற்கு ஓர் எண்ணோடு தனித்தனிக் கூடையில் விழும். அந்த எண்களை வைத்துத்தான் தினமும் காலைக் கூட்டம். வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே ஒரு சில்லு பழுதாகித் திரும்பி வந்தால்கூட, எட்டு-டி அறிக்கை என்று ஒன்று எழுத வேண்டும். என்ன பழுது, உடனே என்ன செய்தோம், மூல காரணம் எது, நம் சோதனையில் அது ஏன் அகப்படவில்லை, இனி வராமல் இருக்க எதை மாற்றினோம். குறித்த நாளுக்குள் அது போயாக வேண்டும். போகவில்லை என்றால் மேலாளரின் முகத்தைப் பார்க்க முடியாது. விரல் நகத்தைவிடச் சின்ன சிலிக்கான் துண்டுக்கு இத்தனை மரியாதை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பிழை கண்டுபிடித்த மனிதனுக்கு ஒரு தானியங்கிக் கடிதம்.

வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார், அதனால் பதில் போகிறது என்பீர்கள். விளையாட்டாளரும் காசு கொடுக்கிறவர்தானே? சந்தா கட்டுகிறார், டைமண்ட் வாங்குகிறார், விரிவாக்கத்தை முன்பதிவு செய்கிறார். வாடிக்கையாளரே சோதனையாளராகவும் வேலை செய்கிற வேறு எந்தத் தொழிற்சாலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

‘ஆயிரக்கணக்குல ரிப்போர்ட் வருது, எல்லாத்துக்கும் எப்படிப் பதில் எழுத முடியும்?’ இது ஒன்றுதான் நேர்மையான எதிர்வாதம். இதற்கும் விடை பல வருடங்களாகக் கண்ணெதிரே இருக்கிறது. மைன்கிராஃப்ட்டின் பிழைப் பட்டியலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண். ஏற்கனவே வந்ததா, அந்தப் பழைய எண்ணோடு சேர்த்துவிடுவார்கள். பிழை இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம் என்றால் அப்படியே குறிப்பார்கள். சரிசெய்யப்போவதில்லை என்றால் அதையும் குறிப்பார்கள். ‘சரிசெய்ய மாட்டோம்’ என்பதும் ஒரு பதில்தான். எனக்கு அந்தப் பதிலே போதும். (அந்தப் பட்டியலை ஒழுங்குபடுத்துவதிலும் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள்தான் பெரும்பங்கு. அது தனிக் கட்டுரை.) ஈவ் ஆன்லைனில் 2008 முதல் விளையாட்டாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றம் இருக்கிறது. அதே நிறுவனம் 2007 டிசம்பரில் ஒரு அப்டேட்டில் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளின் ‘பூட் டாட் ஐஎன்ஐ’ கோப்பையே அழித்து, கணினி எழுந்திருக்க முடியாமல் செய்தது. கேவலமான பிழை. ஆனால் அது எப்படி நடந்தது, தங்கள் விளையாட்டிலும் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தது, எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். எங்கள் பாஷையில் அது ஓர் எட்டு-டி அறிக்கை. விளையாட்டுக் கம்பெனிக்கு அது முடியாத காரியம் இல்லை.

அட்வான்ஸ்ட் சர்வர் தம்பிகளிடம் சொல்ல இன்னொரு விஷயம் இருக்கிறது. நீங்கள் இலவசமாகச் செய்யும் வேலையைக் கூலிக்குச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கால் ஆஃப் டியூட்டி: வார்ஸோன் விளையாட்டில் வேலை செய்த ரேவன் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் 2021 டிசம்பரில் ஒப்பந்தச் சோதனையாளர்கள் 12 பேரிடம் வேலை முடிந்தது என்றார்கள். சக ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். சோதனையாளர்கள் சங்கம் அமைக்கக் கிளம்பினார்கள். 2022 ஏப்ரலில் தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்ட் ஏறக்குறைய 1,100 சோதனையாளர்களை நிரந்தரமாக்கி, குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 20 டாலர் ஆக்கியது. ரேவன்காரர்களுக்கு மட்டும் அந்தச் சம்பள உயர்வு இல்லை. சங்க முயற்சி நடப்பதால் சட்டப்படி முடியாது என்றார்கள். மே மாதம் வாக்கெடுப்பில் 19க்கு 3 என்று சங்கம் வென்றது.

பத்தொன்பது பேர். அவ்வளவு பெரிய விளையாட்டின் தரத்தைத் தாங்கியவர்களில் அந்தப் பத்தொன்பது பேருடைய பேரம் பேசும் பலம் எதைப் பொறுத்தது? ‘நாங்கள் இல்லாவிட்டால் பிழை பிடிக்க ஆள் இல்லை’ என்பதை. வெளியே ஆயிரக்கணக்கில் இலவச ஆட்கள் வரிசையில் நின்று, உள்ளே விட்டதற்கு நன்றி சொல்லி ஸ்டோரி போட்டுக்கொண்டிருந்தால் அந்த பலம் என்ன ஆகும்? நான் பார்க்கிற வேலையையும் நாளைக்கு யாராவது ‘கம்யூனிட்டி’ என்று பெயர் வைத்துப் பந்தி போட்டுக் கொடுத்துவிடுவானோ என்ற சுயநலப் பயமும் எனக்கு உண்டு. மறைக்கவில்லை.

இதற்காகச் சோதனை சர்வருக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போவீர்கள். புது ஹீரோவை மற்றவனுக்கு முன்னால் தொட்டுப் பார்க்கிற சுகம் எனக்கும் தெரியும். அதைக் காட்டி யூடியூபில் நாலு பார்வை வாங்கலாம் என்பதும் தெரியும். அதுவும் நிறுவனத்துக்கு இலவச விளம்பரம்தான், போகட்டும். ஆனால் போகிறபோது கொஞ்சம் கறாராகப் போங்கள். எழுதிய ஒவ்வொரு புகாரின் நகலையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் வெளியான அன்று எத்தனை சரியானது, எத்தனை அப்படியே இருக்கிறது என்று எண்ணிப் பொதுவில் போடுங்கள். திட்ட வேண்டாம், கெட்ட வார்த்தை வேண்டாம், எண்ணிக்கை போதும். ஐம்பது பேர் இதைச் செய்தால் அது ஒரு பட்டியல்; ஐந்நூறு பேர் செய்தால் நிறுவனத்தில் யாராவது ஒருவர் அதைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். தமிழில் எழுதுங்கள், மலாயில் எழுதுங்கள். மொழிபெயர்த்துப் படிக்க வேண்டியது அவர்கள் வேலை. 2019இல் மொபைல் லெஜெண்ட்ஸின் முதல் உலகப் போட்டியை நடத்த அவர்கள் தேடி வந்தது இதே கோலாலம்பூருக்குத்தான். நம் மொழி தெரியாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

நிறுவனங்களிடம் நான் கேட்பது மிகக் குறைவு. புகாருக்கு எண். எண்ணுக்கு நிலை. தீர்ப்பை நிராகரித்தால் இரண்டு வரிக் காரணம். விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில், நாய்க்குட்டிக்கும் குழந்தை பிறந்த ஊழியருக்கும் நன்றி சொல்கிற அந்த நீண்ட பட்டியலில், சோதனை சர்வரில் உறுதிசெய்யப்பட்ட பிழையைக் கண்டுபிடித்தவர்களின் விளையாட்டுப் பெயர்கள். என் கூட்டாளியின் விளையாட்டுப் பெயர் பதினோரு எழுத்து. கொஞ்சம் அசிங்கமான பெயர்தான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.